ஆமினா உம்மாவின் கத்தம்

கைறுன்னிஸா தன் மாமியாருக்காக ஒன்பது ஆண்டுகளாக, ஓர் ஆண்டும் தவறாமல், இறந்தவர்களுக்காக ஓதிச் சோறு போடும் கத்தம் ஓதுவித்து வந்தாள். மாமியார் சாகவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவளுடைய கணவன் ஜைனுதீனுக்குத் தெரியும். தெரியும் என்று சொல்வதும் முழுக்கச் சரியன்று. தன் தாய் இறந்ததாக எந்தச் செய்தியும் வரவில்லை என்பது மட்டுமே அவனுக்குத் தெரியும். அப்படியொரு செய்தி வந்து சேரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தவனும் அவன்தான்.

மாத்தளைக் கடைத்தெருவில் அப்துல் ஸமத் முதலாளியின் வாசனைச் சரக்குக் கடைக்கு அவன் வேலைக்கு வந்தபோது அவனுக்கு வயது பத்தொன்பது. யாருடைய மகன் என்று கேட்டார்கள். கற்பிட்டியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் என்றான். வாப்பாவும் உம்மாவும் மவுத்தாகிவிட்டார்கள் என்றான். வாப்பா மவுத்தானது உண்மை, மற்றவை பொய். அவன் பிறந்தது கற்பிட்டிக்கும் அப்பால், உப்புநீர்க் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த சங்குத்திட்டில். அங்கே நாற்பது குடிசைகள் இருந்தன. ஆண்கள் கரைவலை இழுத்தார்கள். பெண்கள் மீனைக் கீறி, உப்பிட்டு, காய வைத்தார்கள். வள்ளமும் வலையும் வெளியூர்ச் சம்மாட்டிகளுக்குச் சொந்தம். திட்டில் இருந்தவர்களுக்கு மணல் மட்டுமே சொந்தம். அந்த மணலையும் கடல் ஆண்டுக்காண்டு அரித்துக்கொண்டிருந்தது. கற்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் அவன் உட்கார்ந்த வாங்குப் பலகையில் வேறு பிள்ளைகள் உட்கார மறுத்தார்கள். வாத்தியார் அவனைச் சன்னலோரத்துக்கு மாற்றினார். அவர் நல்லவர், காரணத்தைச் சொல்லவில்லை.

கராம்பும் ஏலமும் சாதிக்காயும் கூரை வரை அடுக்கியிருந்த கடையில் எந்த மனிதனுக்கும் தனி நாற்றம் கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஜைனுதீன் அங்கே தங்கினான். உண்மையாக உழைத்தான். குறிப்பாக, அவன் கட்டிய மிளகுச் சாக்குகளின் வாய் கண்டி வரை போனாலும் நெகிழவில்லை. கயிற்றின் நுனியை வாயில் வைத்து நனைப்பான். இடது சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து, பல்லால் இழுத்து, பெருவிரல் நகத்தால் ஒரு முறை அழுத்துவான். பிறகு கத்தி வைத்தால்தான் அவிழும். சந்தையில் அதற்கு 'ஜைனுதீன் பூட்டு' என்று பெயர் விழுந்தது. யாரிடம் பழகியது என்று கேட்டவர்களுக்கு அவன் சிரிப்பையே பதிலாகத் தந்தான். அது வலை முடிச்சு. அவனுக்கு அதைப் பழக்கியது அவனுடைய உம்மா.

முதலாளி தம் மகள் கைறுன்னிஸாவை அவனுக்குக் கொடுப்பதென்று முடிவாகி, கலியாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கையில், உம்மா மாத்தளைக்கு வந்தாள். கருவாட்டு லொறிக்காரன் எவனோ தடம் சொல்லியிருக்க வேண்டும். தலையில் பனையோலைச் சிப்பத்தோடு கடைப்படியில் நின்று, "ஜைனு" என்று கூப்பிட்டாள்.

முதலாளி காசுப் பட்டறையிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரது?"

"கருவாட்டுக்காரி, முதலாளி," என்றான் ஜைனுதீன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யைப் பொருத்தமாக்க வேண்டும் என்ற கவலையில் அவன் மேலும் ஒரு காரியம் செய்தான். படியிறங்கிப் போய், சிப்பத்தைப் பிரித்து, ஒரு கட்டாக் கருவாட்டை எடுத்து மோந்து பார்த்து, "உப்புக் கூட," என்று குறை சொல்லி, விலை பேசினான். அவள் ஒரு விலை சொன்னாள். அவன் குறைத்துக் கேட்டான். அவள் சம்மதித்தாள். மகனுக்கென்று நான்கு நாள் வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்ததற்கு மகன் கொடுத்த காசை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்கும் கொண்டு வரட்டா, முதலாளி?" என்று கேட்டாள்.

"வேணாம். இஞ்ச யாரும் கருவாடு வாங்கிறதில்ல."

"சரி, முதலாளி," என்றாள்.

அவள் பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போனதை அவன் பார்க்கவில்லை. தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். அன்று மாலை முதலாளி வீட்டிலிருந்து வந்து, "நல்ல கருவாடுடா. இன்னொருக்கா வந்தா விட்றாத," என்றார்.

கலியாணமான மறு ஆண்டு, கைறுன்னிஸாதான் முதலில் கேட்டாள், மாமி மவுத்தானது எந்தப் பிறை என்று. அவளுடைய மனம் அப்படிப்பட்டது. கண்ணால் காணாத மாமிக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள். ஜைனுதீன் சுவரைப் பார்த்தான். நாட்காட்டியில் ரஜப் பிறை பதினொன்று என்றிருந்தது. அதையே சொன்னான். ஓத வந்த லெப்பை, துஆ ஓதும்போது இறந்தவரின் பெயர் கேட்டார். அவன் தாயின் பெயரைச் சொல்லவில்லை. 'ஆமினா உம்மா' என்றான். இறந்தவர்களுக்கு ஓதுவது உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பெயரில் போய் விழக்கூடாது என்ற பயம் அவனுக்கு இருந்தது. பத்தாண்டுகளில் அவன் தன் தாய்க்குச் செய்த ஒரே நன்மை அந்தப் பொய்ப் பெயர்தான். அன்று முதல் ஆண்டுதோறும் சஹன் தட்டைச் சுற்றி மனிதர்கள் அமர்ந்து நெய்ச்சோறு தின்று, ஆமினா உம்மாவின் கபுறுக்குழி வெளிச்சமாக வேண்டும் என்று கையேந்தினார்கள். பிறகு பிறந்த மகளும் படுக்கப் போகுமுன் தன் வாப்பும்மாவுக்காக ஓதப் பழகிக்கொண்டாள்.

எழுபத்து நான்காம் ஆண்டு ரஜப் மாதம் பிறந்தபோது அரிசிக்குப் பெரும் பஞ்சம். கூப்பன் அரிசி போதவில்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுமதித்த அளவுக்கு மேல் கொண்டு போகவும் முடியாது. வீதிகளில் தடைபோட்டுச் சோதித்தார்கள். கத்தத்துக்கு நெய்ச்சோறு இல்லாவிட்டால் கஞ்சி காய்ச்சினாலும் போதும் என்று அப்துல் ஸமத் சொல்லிப் பார்த்தார். கைறுன்னிஸா கேட்கவில்லை. வீட்டுச் சோற்றுக்குள் மரவள்ளியைக் கலந்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆறு கொத்துக் கீரிச்சம்பா அரிசி வைத்திருந்தாள். சேர்த்து வைப்பதும் குற்றமாகிவிடக்கூடாதே என்று கிராம சேவகரிடம் போய், கணவனின் காலஞ்சென்ற தாயாரின் பேரில் தானம் கொடுப்பதற்கான அரிசி இது என்று முத்திரை குத்திய கடிதமும் வாங்கியிருந்தாள்.

அந்த வாரம்தான் படம் வந்தது.

இலங்கையிலேயே எடுத்த தமிழ்ப் படம். கடற்கரையில் கூலிக்கு வலை இழுக்கும் மனிதர்களைப் பற்றியது. படக்காரர்கள் ஏதோ ஒரு மணல் திட்டில் மூன்று மாதம் தங்கி, அங்குள்ளவர்களையே நடிக்க வைத்து எடுத்ததாம். சுவரொட்டியில் ஒரு வள்ளமும் ஒரு பெண்ணின் முகமும் இருந்தன. ஜைனுதீன் அந்தச் சுவரொட்டி ஒட்டிய தெருவைத் தவிர்த்து வேறு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போய் வந்தான். ஞாயிற்றுக்கிழமை மெட்னிக் காட்சிக்குக் கைறுன்னிஸா பக்கத்து வீட்டு நூருன்னிஸாவோடு போனாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குக் காரணம் அகப்படவில்லை.

திரும்பி வந்தபோது அவளுடைய கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவன் பின்கட்டில் மிளகுச் சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் தூணில் சாய்ந்து நின்று பேசத் தொடங்கினாள்.

"படமில்லங்க அது. அந்தச் சம்மாட்டி இருக்கான் பாருங்க, அவன் மொகத்துல காறித் துப்பணும் போல இருந்திச்சி. நூருன்னிஸா துப்பியே போட்டா, முன்னால இருந்தவட முந்தானையில."

ஜைனுதீன் சிரித்தான். கயிற்றை வாயில் வைத்து நனைத்தான்.

"அதுல ஒரு கெழவி வாறா. நடிகையில்ல, அந்த ஊரு மனுசியேதானாம். ஒரு பொண்ணு கதை கேட்டுக்கிட்டு நிக்கிறா, இவ கருவாட்ட ஓலையில போட்டுக் கட்டிக்கிட்டே..."

பேச்சு அங்கே நின்றது. அவன் பெருவிரல் நகத்தால் முடிச்சை அழுத்தியிருந்தான். நிமிர்ந்தபோது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா கட்டுங்க," என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான். கட்டுங்க."

அவன் அடுத்த சாக்கை இழுத்தான். கயிற்றை நனைக்கவில்லை, விரலில் சுற்றவில்லை. எந்தக் கடைக்காரனும் போடுகிற சாதாரண முடிச்சாக இரண்டு போட்டு, இறுக்கி வைத்தான். பத்தாண்டுக் குடும்ப வாழ்க்கையில் அவன் அப்படி ஒரு முடிச்சுப் போட்டு அவள் பார்த்ததில்லை. அவள் அந்த முடிச்சை ஓர் இழுப்பில் அவிழ்த்தாள். கயிற்றைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பின்னேரம், கண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஜைனுதீன் படத்துக்குப் போனான். முன் வரிசைக் கலரியில், தெரிந்தவர்கள் உட்காராத இடத்தில் உட்கார்ந்தான். வலை இழுக்கும் காட்சி வந்ததும் அது சங்குத்திட்டுத்தான் என்று தெரிந்தது. கரை இன்னும் உள்ளே வந்திருந்தது. பள்ளிவாசலின் ஓலைக்கூரை அலைக்கு மிக அருகில் நின்றது. படத்தின் நாயகன் வலைக்கயிற்றைத் தவறான தோளில் போட்டிருந்தான். ஒருவருக்கும் அது தெரியவில்லை.

பிறகு அவள் வந்தாள். மூன்றாள் உயரத் திரையில், கால் நீட்டி அமர்ந்து, கருவாட்டுச் சிப்பம் கட்டினாள். கன்னம் உள்வாங்கியிருந்தது. முன்பற்கள் இல்லை, அதனால் கயிற்றைக் கடைவாய்ப் பல்லால் இழுத்தாள். நாயகி அவள் பக்கத்தில் குந்தி, "ஒனக்குப் புள்ளைங்க இல்லையா, பெரியம்மா?" என்று கேட்டாள். கிழவி முதலில் முடிச்சை முடித்தாள். நகத்தால் அழுத்தினாள். தலை தூக்காமலே சொன்னாள்:

"ஒருத்தன் இருந்தான். கடல் கொண்டு போயிட்டு."

பல்லில்லாத வாயில் அந்தச் சொற்கள் காற்றோடு குழைந்து வந்தன. பின்னாலிருந்த ஒருவன் அதே குழைச்சலில் அதைத் திருப்பிச் சொன்னான். கலரி சிரித்தது. ஜைனுதீன் தன் வாயும் சிரிப்பதற்காக விரிந்திருப்பதை உணர்ந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. அந்த இருட்டில் சிரிக்காமல் இருந்திருந்தாலும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் சிரித்தான். கூட்டம் செய்வதைச் செய்து கூட்டத்துக்குள் மறைவது அவனுக்கு அவ்வளவு பழகியிருந்தது. வாயை மூட அவன் கையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

படம் முடியும்வரை அவன் ஒரே ஒன்றைத்தான் யோசித்தான். அந்தச் சொல் படக்காரன் எழுதிக் கொடுத்ததா, அவள் தானாகச் சொன்னதா? எழுதிக் கொடுத்ததென்றால், அவள் எப்படி அதை வாயால் சொன்னாள்? தானாகச் சொன்னதென்றால், அவன் அவளுக்குச் செய்ததையே அவளும் அவனுக்குச் செய்திருக்கிறாள். ஆனால் அவள் ஒரு கிழவியாக, கேட்டவளுக்கு மறுமொழியாக ஒரே முறை சொன்னாள். அவன் ஒன்பது முறை, சோறு போட்டுச் சொல்லியிருந்தான்.

வீட்டில் கைறுன்னிஸா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்டிக்குப் போனானா என்று அவள் கேட்கவில்லை.

"நாளைக்கு லெப்பைக்குச் சொல்லி அனுப்பணும்," என்றாள். "இந்த வருசம் கத்தம் ஓதவா, வேணாமா?"

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். அவள் அவனுக்கு மிக எளிய வழியையே திறந்து வைத்திருந்தாள். 

"ஓது," என்றான்.

அவள் இரண்டு முறை புடைத்தாள். கல் ஒன்றைப் பொறுக்கிப் போட்டாள்.

"எந்தப் பேருக்கு?"

அவன் அரிசிப் பைக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தான். "ஆமினா உம்மான்னு ஒருத்தரும் இல்ல," என்றான். அதற்கு மேல் சொல்வது எளிதாக இருந்தது. அந்த எளிமையே அவனை வெட்கப்பட வைத்தது. திட்டைச் சொன்னான். வாங்கைச் சொன்னான். கடைப்படியில் விலை பேசியதைச் சொல்லும்போது மட்டும் அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கருவாட்ட நானும் தின்னேன்," என்றாள். "வாப்பா நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டாங்க. நான்தான் பொரிச்சுக் குடுத்தேன்."

"உம்மாட பேரு..." என்று அவன் தொடங்கினான்.

"சொல்ல வேணாம். பேரு எனக்கு இப்ப வேணாம். அதுவும் பொய்யா இருந்துட்டா நான் என்ன செய்வேன்?" அவளுடைய குரல் உயரவில்லை. "ஒம்பது வருசம். ஒவ்வொரு வருசமும் நான் அழுதேன். யாருக்கு அழுதேன்? ஒங்க மக தெனமும் யாருக்கு ஓதுறா?"



அவள் எழுந்து, சுளகிலிருந்த அரிசியையும் பைக்குள் கொட்டினாள். "இதக் கொண்டு போய் அவங்க கையில குடுங்க. நாளைக்கே போங்க. வாப்பாக்கு நான் சொல்ல மாட்டேன். அது ஒங்க வேல. மொதல்ல அவங்க மொகத்தப் பார்த்துட்டு வாங்க. பெறகு பேரச் சொல்லுங்க." உள்ளே போய்க் கிராம சேவகரின் கடிதத்தை எடுத்து வந்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி அவன் முன் வைத்தாள். "வழியில மறிச்சா இது இல்லாம விட மாட்டாங்க. காட்டாம போய்ச் சேர்ந்தா நல்லம்."

பையின் வாயை அவன் தன் பழைய முடிச்சாலேயே கட்டினான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்டி வழியாகப் போவதுதான் அவனுக்குப் பழகிய வழி. ஆனால் கண்டிக் கடைத்தெருவில் பாதிப் பேர் மாமனாரின் சிநேகிதர்கள். ஆகவே அவன் தம்புள்ளைக்குப் போய், கலேவெல வழியாகக் குருநாகல் போகும் பஸ்ஸில் ஏறினான். அறிந்த முகம் ஒன்றும் இல்லாத வழி என்று தேர்ந்தெடுத்த அந்தப் பஸ்ஸின் நடு வாங்கில் கலேவெல இத்ரூஸ் அமர்ந்திருந்தார். ஐம்பது வயது; பதினைந்து ஆண்டுகளாகக் கடைக்குச் செத்தல் மிளகாய் கொடுக்கிறவர்; கத்தச் சோற்றுக்கு ஓர் ஆண்டும் வரத் தவறாதவர்; ஜைனுதீன் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர்.

"அடடே, ஸமத் முதலாளிட மருமகன்! மாத்தளப் பணக்காரருக்கெல்லாம் இப்ப பஸ்ல ஏறவும் தெரியுதே!" என்று இடம் விட்டு ஒதுங்கினார். "வாங்க, இரிங்க. மடியில என்ன, மாமியார் குடுத்த சீதனமா?"

"கொஞ்சம் சாமான், நானா. குருநாகலுக்கு."

"சாமான் நல்லா வெள்ளையா இருக்கும் போலருக்கே," என்று பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். பிறகு மிளகாய் விலை, மழை, மகளுக்கு மாப்பிள்ளை தேடுவது என்று கலேவெலவுக்கு ஒரு மைல் இருக்கும்வரை அவர்தான் பேசினார். ஜைனுதீன் தலையாட்டினான். பையை இரண்டு கையாலும் அணைத்திருந்தான்.

வளைவு திரும்பியதும் பஸ் நின்றது. வீதிக்குக் குறுக்கே மூங்கில் தடை. இரண்டு பேர் ஏறினார்கள். அதிகாரியாக இருந்தவர் கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். பைகளைக் காலால் தொட்டுக்கொண்டே வந்தவர் ஜைனுதீனின் மடியைப் பார்த்ததும் நின்றார். கீழே இறங்கச் சொன்னார். வீதியோரத்து மேசையில் பையை வைத்து, அவருடைய உதவியாள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். இரண்டு நகம் ஒடிந்த பிறகு, கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினான்.

"ஆறு கொத்து இருக்கும்," என்றார் அதிகாரி, சிங்களத்தில். "எதற்கு?"

ஜைனுதீன் வாயைத் திறக்குமுன், அவனுக்கு உதவ இறங்கி வந்திருந்த இத்ரூஸ் முந்திக்கொண்டார். "கடுதாசி இருக்கும், மஹத்தயா. இவரு அப்படிக் களவா அரிசி கொண்டு போற ஆளில்ல. மவுத்தாப் போன தாய்க்கு வருசா வருசம் தானம் குடுக்கிறவரு. மாத்தளைக்கே தெரியும். நானே ஒம்பது வருசம் தின்னுருக்கேன்." பிறகு தமிழில், "காட்டுங்க தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.

பஸ்ஸின் சன்னல்களில் முகங்கள் நிறைந்திருந்தன. ஜைனுதீனின் கை சட்டைப் பைக்குள் போயிற்று, கடிதத்தை எடுத்தது, நீட்டியது. அதை அவன் செய்தானென்று சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. மிளகு நிறுக்கும் கை போல, கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்துப் பழகிய கை அது.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "தானம் மாத்தளையில் கொடுப்பதாக எழுதியிருக்கிறதே. அரிசி மாத்தளையிலிருந்து வெளியே போகிறது?"

அதற்கும் ஒரு பதில் நாக்கின் நுனியில் ஆயத்தமாக இருந்தது. "இந்த முறை உம்மாட ஊர்ல குடுக்கிறோம், மஹத்தயா," என்றான். சிங்களம் பிசகில்லாமல் வந்தது.

"ஓ." அவர் பேனாவைத் திறந்தார். கடிதத்தின் விளிம்பில் குறிப்பு எழுதி விட்டுவிடப் போகிறார் என்பது தெரிந்தது. இத்ரூஸ் பையின் வாயைக் கூட்டிப் பிடித்தார். "எந்த ஊர்? தாயாரை எங்கே அடக்கம் செய்தது?"

இலகுவான கேள்வி. கற்பிட்டி என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஓர் இடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இதுவரை அவன் சொன்ன மரணத்துக்கு ஒரு பிறை இருந்தது, ஒரு பெயர் இருந்தது, மண் இருக்கவில்லை. இப்போது சங்குத்திட்டின் மணலில் எங்கே என்று கைகாட்ட வேண்டும். அவன் மனத்துக்குள் அங்கே பார்த்தான். பள்ளிவாசலுக்குப் பின்னால் கால் நீட்டி அமர்ந்து அவள் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அடக்கம் செய்யல்ல," என்றான்.

அதிகாரி நிமிர்ந்தார்.

"அடக்கம் செய்யல்ல, மஹத்தயா. இருக்காங்க." குரல் மிகத் தாழ்ந்திருந்ததால், தான் மிகவும் அஞ்சிய அந்தச் சொற்களை அவன் மீண்டும் சொல்ல வேண்டியதாயிற்று. "உம்மா உயிரோட இருக்காங்க. கடுதாசி பொய். அரிசி அவங்களுக்குத்தான்."

சன்னலில் இருந்த யாரோ சிரித்தார்கள். யாரோ அதைப் பின் வாங்குக்காரர்களுக்குத் திருப்பிச் சொன்னார்கள். கொண்டக்டர் மட்டும், "கெதியா, கெதியா," என்று தகரத்தைத் தட்டினான்.

அதிகாரிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அவர் ஒரு நாளில் நூறு பொய் கேட்கிறவர். ஒரு பொய்க்காரன் தானாக அகப்பட்டுக்கொண்டதுதான் அவருக்குப் புதிது. கடிதத்தை நான்காக மடித்துத் தம் கோப்புக்குள் வைத்தார். அனுமதித்த இரண்டு கொத்தை விட்டு, மிகுதியை அளந்து எடுக்கச் சொன்னார். "உயிரோடு இருக்கிறவர்களுக்கு இவ்வளவுதான்," என்றார். அது சட்டம், அவர் வேறு ஒன்றையும் கருதிச் சொல்லவில்லை.

பஸ் மீண்டும் புறப்பட்டது. இத்ரூஸ் அவனுக்குப் பக்கத்தில்தான் அமர்ந்தார். வேறு இடம் இல்லை. கலேவெல பஸ் நிலையம் வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.  இறங்க எழுந்தவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப நான் தின்ன சோறெல்லாம்?"

ஜைனுதீன் தன் கைகளைப் பார்த்தான்.

"நான் கையேந்திக் கேட்டேனே, தம்பி. கண்ணுல தண்ணி வரக் கேட்டிருக்கேன். அந்த ஆமினா உம்மா யாரு?"

"யாருமில்ல, நானா."

"ஒங்க உம்மாட பேரு?"

பஸ்ஸில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பீபி," என்றான் ஜைனுதீன்.

இத்ரூஸ் தலையை இரண்டு முறை அசைத்தார், அந்தப் பெயரை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல. "நான் சந்தையில சொல்ல மாட்டேன்," என்றார். அவர் சொல்வார். வெள்ளிக்கிழமைக்குள் அப்துல் ஸமத் முதலாளியின் பட்டறைவரை அது போய்ச் சேரும்.

"சொல்லுங்க, நானா," என்றான் அவன். "நான் சொன்னா இனி யாரு நம்புவாங்க?"

இத்ரூஸ் இறங்கினார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று ஜைனுதீன் எதிர்பார்த்தான், அவர் பார்க்கவில்லை. அவர் இருந்த இடத்தில் வேறு எவரும் வந்து அமரவுமில்லை. நின்றுகொண்டு வந்தவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள். பள்ளிக்கூட வாங்கில் அவன் இப்படித்தான் இருந்தான். அன்று அவன் ஒரு பிழையும் செய்திருக்கவில்லை.

பையின் வாய் திறந்து கிடந்தது. உதவியாள் கயிற்றை முடிச்சோடு சேர்த்து வெட்டியிருந்தான்; கையில் எஞ்சியது அரைச் சாண் துண்டு. ஜைனுதீன் அதை வாயில் வைத்து நனைத்தான், சுண்டுவிரலில் சுற்றினான். கண்ணி கூடவில்லை. நீளம் போதவில்லை. புத்தளத்துக்கு இன்னும் இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்குப் பிறகு கற்பிட்டி. அதற்குப் பிறகு வள்ளம். அவளைக் கண்டதும் முதலில் என்ன சொல்வதென்று யோசித்தான். ஒவ்வொரு வாக்கியமும் கடைப்படியில் நின்று விலை பேசுவது போலவே அமைந்தது.

பஸ் ஒரு பள்ளத்தில் குலுங்கியது. நான்கைந்து அரிசி மணிகள் பலகையில் சிந்தின. அவன் குனிந்து அவற்றைப் பொறுக்கிப் பைக்குள் போட்டான். பிறகு பையின் வாயை முறுக்கி, முஷ்டிக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தான்.